கம்பி மேல் ஒரு கை

1

போன செவ்வாய்க்கிழமை காலையில் நடந்துபோகும்போது, பள்ளிக்கூடத்து வேலிக் கம்பியில் ஒரு கையுறை மாட்டியிருந்தது. சிவப்புக் கம்பளி. நாலு வயசுக் குழந்தையுடையதாக இருக்கலாம்.

இந்த ஊரில் இது ஒரு வழக்கம். தெருவில் யாராவது தவறவிட்ட கையுறை கிடந்தால், பின்னால் வருகிறவர் எடுத்துப் பக்கத்து வேலியில் மாட்டிவிட்டுப் போவார். தேடி வருகிறவர் கண்ணில் படட்டும் என்று. குளிர்காலம் முழுக்க அங்கங்கே இப்படி ஒற்றைக் கை நிற்கும். விரலெல்லாம் விரிந்து, வேலிக்குள்ளிருந்து யாரோ நம்மை நில்லு என்று சொல்வதுபோல.

நான் நின்றுவிட்டேன். வேலைக்கு நேரமாகிவிட்டது. இருந்தாலும் நின்றேன்.

நான் செங்கல்பட்டுப் பக்கத்து ஆள். இங்கிலாந்தின் வடக்கே ஒரு கடற்கரை ஊரில், ஓர் இந்திய ஓட்டலில் தோசை போடுகிறேன். வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பேசாமல் விட்டதை எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். என் மகள் கயலைப் பற்றியும் ஒரே ஒரு சொல்லைப் பற்றியும்தான் எழுதப்போகிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு இது அற்ப விஷயமாகத் தெரியலாம். நானும் அப்படி நினைத்துத்தான் கெடுத்தேன்.

2

ஓட்டல் வேலை பதினொரு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். என் மனைவி சுமதிக்கு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் இடத்தில் வேலை. அவள் விடிவதற்கு முன்பே போய்விடுவாள். அதனால் கயலைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. இருபத்தைந்து நிமிஷ நடை.

அவளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? கதை தெரியாது. கணக்கு தெரியாது. கண்ணில் படுவதைச் சொல்லிக்கொண்டே நடப்பேன். "அங்க பாரு, இன்னா கீது?" என்று கேட்பேன். அவள் தேடிச் சொல்வாள்.

"பூன கீது."

"எங்க கீது?"

"ஜன்னல்ல குந்திகினு கீது, நைனா."

எங்கள் பக்கத்துப் பேச்சு உங்களில் பலருக்குத் தெரியும். இருக்கிறது என்பது எங்கள் வாயில் கீது. அப்பாவை நைனா என்போம். எனக்குத் தெரிந்த தமிழ் அதுதான். அவளுக்கும் அதையேதான் கொடுத்தேன்.

இரண்டு பேரும் பார்த்ததற்கு அளவே இல்லை. பச்சைக் குப்பைத்தொட்டிக்கும் நீலக் குப்பைத்தொட்டிக்கும் நடுவில் தினமும் ஒளிகிற நரி. குளிரில் கண்ணாடி வெளுத்த கார்களில் ஒன்றில் மட்டும் யாரோ விரலால் வரைந்த மீசை. கடல்காக்கை ஒன்று ரொட்டித் துண்டோடு ரோட்டில் நின்று, காருக்கு வழிவிடாமல் முறைத்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் என் கையைப் பிடித்து இழுப்பாள்.

ஒருநாள் முதன்முதலாக அந்த வழக்கத்தைப் பார்த்தாள். நடுரோட்டிலேயே கத்தினாள்.

"நைனா! கம்பி மேல ஒரு கை கீது!"

"கை கீது சரி, ஆளு எங்க?"

"ஆளு வூட்டுக்குப் பூட்டான். கைய மறந்துட்டான்."

நான் அப்படிச் சிரித்தது இந்த நாட்டில் அதுதான் முதல் தடவை. வழியில் போன ஒரு வெள்ளைக்கார அம்மா, என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்துவிட்டுப் போனார்.

3

கயலுக்கு ஏழு வயசில், சனிக்கிழமை தமிழ் வகுப்பில் சேர்த்தோம். ஒரு மாதா கோயில் கூடத்தில் நடக்கும். டாக்டர்கள், கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். எல்லோரும் நல்லவர்கள். என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். நான்தான் கடைசி வரிசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பேன்.

ஆண்டு விழாவில் ஒவ்வொரு பிள்ளையும் 'நான் பார்த்தது' என்று ஐந்து வாக்கியம் பேச வேண்டும். மற்ற பிள்ளைகள் பெற்றோர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாகச் சொன்னார்கள். மயில் அழகாக ஆடியது. கடல் நீலமாக இருக்கிறது. கயலுக்கு யாரும் எழுதித் தரவில்லை. அவளே பேசினாள்.

"நானும் எங்க நைனாவும் நடந்துகினு போனோம். கம்பி மேல ஒரு கை கீது. ஆளக் காணோம்..."

கூடமே சிரித்தது. கைதட்டினார்கள். இப்போது யோசித்தால் அது ஆசையான சிரிப்புதான் என்று தெரிகிறது. அவளும் சந்தோஷமாகத்தான் இறங்கி வந்தாள். ஒருவர் என் பக்கத்தில் வந்து, "பொண்ணு பட்டையைக் கிளப்புறாளே சார், இந்தத் தமிழ எங்க புடிச்சா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். என் காது சுட்டது.

வீட்டுக்கு நடந்துவரும்போது அவளிடம் சொன்னேன்: "இனிமே கீதுன்னு சொல்லாத. இருக்கிறதுன்னு சொல்லணும். நைனான்னும் கூப்பிடாத. அப்பான்னு கூப்பிடு."

"ஏன்?"

"அது நல்ல பேச்சு இல்ல."

கொஞ்ச தூரம் நடந்தாள். அப்புறம் கேட்டாள்: "நீ பேசறது நல்ல பேச்சு இல்லியா?"

"இல்ல" என்றேன்.

ஒரே ஒரு 'இல்ல'. அதைத் திரும்ப எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

அதற்குப் பிறகும் நடந்தோம். அவள் எதையாவது பார்த்து வாயைத் திறப்பாள். "அங்க ஒரு நாய் கீ..." என்று நிறுத்துவாள். என் முகத்தைப் பார்ப்பாள். "நாய் இரு... இருக்..." என்று இழுப்பாள். அதற்குள் நாய் போய்விட்டிருக்கும். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் எல்லாம் ஆங்கிலமாகிவிட்டது. அடுத்த வருஷம் பார்ப்பதையே சொல்லாமல் விட்டாள். அப்பா என்று சில நாள் கூப்பிட்டாள், பிறகு டாட்.

நானும் என்னைத் திருத்திக்கொண்டேன். அவள் முன்னால் வாயைத் திறந்தால் இருக்கிறது, வருகிறது, போகிறது. மனைவியிடம் ஒரு பேச்சு, மகளிடம் ஒரு பேச்சு. பெரியமனிதர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, அவளிடம் பேசும்போது மட்டும் என் நாக்கு எதையோ கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகும்.

4

இந்த நாட்டுக் குடியுரிமைக்கு ஆங்கிலம் பேசிக் காட்ட வேண்டும். நமக்குப் பிடித்த ஒரு விஷயத்தைப் பற்றி அதிகாரி முன்னால் சில நிமிஷம் பேச வேண்டும். சுமதி நம்மூர்க் கோயில்களைப் பற்றிப் பேசச் சொன்னாள். நான் காலை நடையில் பார்ப்பதைப் பற்றிப் பேசினேன். கையுறையைப் பற்றியும் சொன்னேன். கையுறைக்கான ஆங்கிலச் சொல் அந்த நேரம் மறந்துவிட்டது. "கைக்குச் சட்டை" என்று சொல்லிவைத்தேன். அதிகாரி அம்மா சிரித்து, பேனாவை வைத்துவிட்டு, "இன்னும் சொல்லுங்கள்" என்றார். தேறிவிட்டேன்.

அவர் சிரித்தபோது எனக்குக் காது சுடவில்லை. தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை என்று அங்கே தோன்றியது. அந்தத் தாராளத்தில் கொஞ்சம் என் மகளுக்குக் கொடுத்திருக்கலாம்.

சில வருஷம் கழித்து மக்கள்தொகைக் கணக்குப் படிவம் வந்தது. கயல்தான் கம்ப்யூட்டரில் நிரப்பினாள். ஒவ்வொருவருக்கும் முதன்மை மொழி என்ன என்று ஒரு கேள்வி. எனக்கும் சுமதிக்கும் தமிழ் என்று போட்டாள். அவளுக்கு ஆங்கிலம் என்ற கட்டத்தை அழுத்தினாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "சரியா டாட்?" என்று கேட்டாள். சரி என்றேன். அவள் பொய் எதுவும் போடவில்லையே.

5

இப்போது கயலுக்கு இருபத்தொரு வயசு. வேறு ஊரில் படிக்கிறாள். அங்கேயே வேலையும் கிடைத்துவிட்டது. இனி எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வருவாள். அதற்குள் ஒருமுறை அவளோடு பழையபடி பேசிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. உள்ளே உட்கார்ந்து பேச எனக்கு வராது. நடந்தால், வண்டியில் போனால், எதையாவது பார்த்தால் வரும். அதனால் இந்தப் பொங்கலுக்கு அவளை ஊருக்குக் கூட்டிப்போனேன். சுமதிக்கு லீவு கிடைக்கவில்லை.

என் அண்ணன் கன்னியப்பன் செங்கல்பட்டில் கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறார். காணும் பொங்கல் கூட்டம் மாமல்லபுரத்தில் அடங்கட்டும் என்று இரண்டு நாள் விட்டு, காலையில் வேனை எடுத்தார். கடப்பாக்கம் வரைக்கும் போய் ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. அந்தப் பக்கத்துக் கிராமம்தான் நாங்கள் பிறந்தது. அண்ணி புளிசோறும் வடையும் கட்டிக் கொடுத்தார்.

கயல் முன்சீட்டில் அண்ணன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் பின்னால், பன்னிரண்டு பேர் உட்காருகிற இடத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்தேன்.

கொளவாய் ஏரி நிறைந்திருந்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் மின்சார ரயில் போனது. அதன் நிழல் தண்ணீரில் தலைகீழாகப் போனது. சொல்லலாம் என்று நினைத்தேன். எந்தத் தமிழில் சொல்வது என்று யோசிப்பதற்குள் ரயிலும் போனது, நிழலும் போனது.

திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகு, பாதி கட்டின வீடு ஒன்று வந்தது. அப்போது முன்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பெரிப்பா, அந்த வூட்டு மேல இன்னா தொங்குது?"

"அதுவா? திருஷ்டி பொம்ம. மொறச்சிகினு கீதா?"

"இல்ல. சிரிச்சிகினு கீது."

"அப்ப கொத்தனாரு இன்னும் பில்லு குடுக்கல."

கயல் சிரித்தாள். நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அது பள்ளிக்கூடத்துக்கு நடந்த அதே பிள்ளையின் பேச்சு. வளர்ந்த பெண்ணின் குரலில் வருகிறது. அங்கங்கே ஆங்கில வாடை அடிக்கிறது. ஆனால் அதே இழுப்பு, அதே வெட்டு.

வண்டி அணுபுரம் தாண்டிப் போனது. கல்பாக்கம் போகிற ஊழியர் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லா ஜன்னலிலும் தூங்குகிற தலைகள். சைக்கிளில் ஒருவர் அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டு, நாடாவை மட்டும் வெளியே தொங்கவிட்டுப் போனார். கொம்புக்குப் புது வர்ணம் அடித்த மாடு ஒன்று, ஒரு கொம்பு பச்சை, இன்னொன்று பாதிதான் சிவப்பு. அவர்கள் இரண்டு பேரும் ஒன்றுவிடாமல் பேசிக்கொண்டே போனார்கள்.

"பெயிண்டு தீந்துடுச்சா பெரிப்பா?"

"மாட்டுக்குப் பொறும தீந்துடுச்சு."

அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னாடா தனசேகரு, சத்தத்தையே காணோம்? வண்டில கீறியா, கல்பாக்கத்துல எறங்கிட்டியா? அந்த ஊர்ல பேசறதுக்கு வரி போடறானா?"

"கயலு எப்பண்ணா இப்படிப் பேசக் கத்துக்கிட்டா?" என்று கேட்டேன்.

"நல்லா கேட்ட போ. எட்டு வருசமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன்ல பேசிகினுதான கீறோம். நான் வண்டி ஓட்டறப்ப பாத்தத சொல்லுவேன், அது பாத்தத அது சொல்லும். அவ்ளோதான். உனக்குத் தெரியாதா?"

ஞாயிற்றுக்கிழமைதான் ஓட்டலில் கூட்டம் அதிகம். அன்று நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

எனக்குத் தெரியாது என்பது கண்ணாடியிலேயே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கண்ணை ரோட்டுக்குத் திருப்பினார். கயல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலாற்றுப் பாலம் வந்தது. மணல் திட்டுகளுக்கு நடுவில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அதில் நாரைகள் ஒற்றைக்காலில் நின்றன.

கடப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஓர் இறால் பண்ணை ஓரமாக அண்ணன் வண்டியை நிறுத்தினார். ஒரு டீக்கடை இருந்தது. நாங்கள் இறங்கவில்லை, டீயை ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள். பண்ணை முள்கம்பி வேலியில் யாரோ வேலையாள், நீல ரப்பர் கையுறையைக் கழுவி, கம்பத்தின் மேல் கவிழ்த்துக் காயப்போட்டிருந்தார். அதற்குள் காற்று புகுந்து விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.

கயல் டீ டம்ளரோடு சடாரென்று பின்னால் திரும்பினாள். அண்ணன் பக்கம் திரும்பவில்லை. என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் ஏழு வயசு.

"நைனா! கம்பி மேல ஒரு கை கீது!"

பதினாலு வருஷம் கழித்து அந்தச் சொல். நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கை கீது சரி, ஆளு எங்க? அதற்காகத்தான் இத்தனை தூரம் கூட்டி வந்தேன். வாயைத் திறந்தேன்.

"ஆமாம்மா, இருக்கிறது" என்றேன்.

பழகிய நாக்கு. அவளுக்கு எதிரில் வேறு எதுவும் அதற்குத் தெரியவில்லை.

அவள் முகத்தில் என்ன ஓடியது என்று நான் எழுத மாட்டேன். கோபம் இல்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "யா, டாட்" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பினாள்.

"இன்னாடா, ரேடியோல நியூஸ் வாசிக்கிற மாதிரி சொல்ற?" என்று அண்ணன் பெரிதாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டீ டம்ளரைத் திருப்பிக் கொடுக்க இறங்கிப் போனவர், சீக்கிரம் வரவில்லை.

கோட்டையில் அவர்கள் இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். நான் பின்னால் போனேன். இடிந்த செங்கல் சுவரில் ஆடு ஒன்று படம் எடுப்பவர்களுக்கு நிற்பதுபோல நின்றது. கழிமுகத்தில் படகுக்காரர் ஒருவர் தன் ஒரு செருப்பைத் துடுப்பால் தள்ளித் தள்ளிப் பிடிக்கப் பார்த்தார். மணலில் நண்டு தோண்டிப் போட்ட உருண்டைகள் கோலப்புள்ளி மாதிரி கிடந்தன. எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றையும் கீது கீது என்று மனசுக்குள் சொல்லிப் பழகினேன். பக்கத்தில் போனால் வரவில்லை.

6

திரும்பி வந்த பிறகு சுமதியிடம் கேட்டேன். அந்தப் போன் பேச்சைப் பற்றி எட்டு வருஷம் ஏன் சொல்லவில்லை?

அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீ வந்து நின்னா நிறுத்திடுவா. அதான் சொல்லல. அதுவாவது கீதேன்னு வுட்டுட்டேன்."

நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். சிவப்புக் கையுறைக்கு எதிரில் நின்று போனை எடுத்தேன். சனிக்கிழமை வகுப்பும் அந்த வருஷத்தோடு நின்றுபோனது, கயலுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. குரல்தான் அனுப்ப வேண்டும். தெருவில் நின்று தனியாகப் பேச எனக்குக் கூச்சம். முதல் தடவை பேசி அழித்தேன். இரண்டாவது தடவை ஒரு பெரியவர் நாயோடு வந்தார். அவர் போகும்வரை போனில் ஏதோ தேடுவதுபோல நின்றேன். மூன்றாவது தடவை 'இரு' என்று ஆரம்பித்துவிட்டது, அழித்தேன். ஐந்தாவது தடவை வேலியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"கயலு, கம்பி மேல ஒரு கை கீது. ஆளக் காணோம்."

அனுப்பிவிட்டேன். அவள் கேட்டுவிட்டாள் என்று நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. வேலைக்குப் போனேன். அன்று இரண்டு தோசையைக் கருக்கினேன்.

மத்தியானத்துக்குப் பிறகு பதில் வந்தது. பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய்க் காதில் வைத்துக் கேட்டேன். பஸ் சத்தம், பின்னால் யாரோ பேசுகிறார்கள். அதற்கு நடுவில் அவள் குரல், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக:

"கீது இல்ல. இருக்கிறது. அது நல்ல பேச்சு இல்ல."

அவ்வளவுதான். கடைசியில் ஒரு சின்ன மூச்சு. அது சிரிப்பா, இல்லை பதினாலு வருஷமாக அடக்கி வைத்ததா? அன்றிலிருந்து எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஒருநாள் சிரிப்பாகக் கேட்கிறது, ஒருநாள் அப்படிக் கேட்கவில்லை. அவளிடமே கேட்டுவிடலாம். இன்னும் கேட்கவில்லை.

இன்று காலையும் அந்த வழியாகத்தான் போனேன். மழையில் நனைந்து விரல்கள் தொங்கிவிட்டன. யாரும் வந்து எடுக்கவில்லை. கம்பி மேலேயே கீது.